ஏட்டுச் சுரைக்காயும் எரியாத அடுப்பும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)
கண்டமங்கலம்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. படித்தவனைப் பார்த்துப் படிக்காதவர் சொல்லும் சொல் இது. ஆனால் எங்கள் தெருவில் இதனைக் கேலியாக மட்டும் யாரும் சொல்வதில்லை; கொஞ்சம் ஏக்கத்தோடும் சொல்கிறார்கள். தம் பிள்ளைகள் ஏட்டில் எழுதி வைத்திருக்கும் சுரைக்காய் என்றைக்காவது ஒரு நாள் குழம்புக்கு வராதா என்ற ஏக்கம் அது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே பக்கத்து வீட்டு மின்விசிறி நின்றாலும், ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் போனாலும், "காலேஜுக்குப் போறியே, இது இன்னான்னு பாரேன்" என்று என்னையே கேட்பது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு என்முன் வந்த வினாக்களுள் ஒன்றை, அதற்கு விடை கண்ட வழியோடு, நம் மலர் வாயிலாகப் பேராசிரியப் பெருமக்களுக்கும் உடன் பயிலும் தோழர் தோழியர்க்கும் எடுத்துரைக்க விழைகிறேன்.

குழுவின் ஓவன்

தமிழகத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் அரசின் முயற்சியால் தொடங்கின என்பதை யாவரும் அறிவர். இன்று அத்தகைய குழு இல்லாத சிற்றூரே இல்லை எனலாம். என் தாயாரும் அப்படிப்பட்ட ஒரு குழுவின் உறுப்பினர். மல்லாட்டை பிடுங்கவும் கரும்பு வெட்டவும் சென்றுகொண்டிருந்த ஆறு பெண்கள் ஒன்றுகூடி, வங்கிக் கடன் பெற்று, ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, பன்னும் கேழ்வரகு பிஸ்கட்டும் செய்து விற்கத் தொடங்கினர். விழுப்புரம் – புதுச்சேரி சாலையிலுள்ள தேநீர்க் கடைகள் விடியற்காலையில் கண் விழிக்கும்போது, இவர்களுடைய பன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அதற்காகப் பின்னிரவு மூன்று மணிக்கே மாவு பிசைந்து உருட்டி, ட்ரேயில் அடுக்கிவிடுவர்.

அந்தத் தொழிலின் இதயம் ஒரு கேஸ் ஓவன். இரண்டு அடுக்கு, நான்கு ட்ரே கொள்ளும். 19 கிலோ வணிகச் சிலிண்டரில் இயங்கும். நம் வீட்டு அடுப்பைப் போல் தீக்குச்சி கிழித்துப் பற்ற வைப்பதன்று இது. சுவிட்சைப் போட்டால் உள்ளேயுள்ள மின்பலகை தானாகவே வாயுவைத் திறந்து, மின்பொறியைத் தெறிக்கவிட்டு, பர்னரைப் பற்ற வைக்கும். பற்றாவிட்டால் வாயுவை மூடிச் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும்.

இந்த ஓவன்தான் திடீரென்று ஒரு நாள் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. சுவிட்சைப் போட்டால் "டிக் டிக்" என்று ஓசை வரும். பிறகு சிவப்பு விளக்கு. மீண்டும் போட்டால் மீண்டும் சிவப்பு விளக்கு. ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ எரியும். சில நாட்களில் முதல் முறையிலேயே சமர்த்தாக எரிந்துவிடும். முற்றிலும் கெட்டுப்போன கருவியைக்கூடச் சரி செய்துவிடலாம். சில நாள் நன்றாகவும் சில நாள் கெட்டும் இருக்கும் கருவியைப் போல மனிதரை வதைப்பது வேறொன்றில்லை. ஈஸ்ட் கலந்த மாவு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. உரிய நேரத்தில் சூட்டுக்குள் போகாவிட்டால் அளவுக்கு மீறிப் பொங்கிப் பின் சரிந்துவிடும். சரிந்த மாவைச் சுட்டால் பன் தட்டையாகப் புளித்து வரும். தேநீர்க் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கித் தவணையோ மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும்.

ஒரு யோசனை

பழுது பார்ப்பவர் ஒருவர் அழைத்து வரப்பட்டார். அவர் பர்னரைத் துடைத்தார்; ரெகுலேட்டரை மாற்றினார்; பணம் பெற்றுச் சென்றார். மறுவாரம் அதே கதை. மூன்றாம் முறை வந்தபோது ஒரு யோசனை சொன்னார். "இந்த போர்டு ரொம்ப பிகு பண்ணுதும்மா. அதை எடுத்துட்டு வால்வை டைரக்டா குடுத்துடறேன். கையால பத்த வெச்சுக்கலாம். அப்புறம் நிக்கவே நிக்காது" என்றார்.

நிக்கவே நிக்காது! தவணை நாள் நெருங்கிய வேளையில் இந்தச் சொல் எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். குழுவில் நால்வர் சரி என்றனர். என் தாயார் மட்டும், "அது எதுக்கோ வேணாம்னு சொல்லுது. இன்னான்னு கேக்காம வாயைக் கட்டிப் போட்டா ஆச்சா?" என்றார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் அவர். தலைவியான பெரியம்மா ஒரு மாதத் தவணை தந்தார். அந்த ஒரு மாதத்துக்குள் என்ன ஏது என்று கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கண்ணால் காண்பது

ஓவன் "பற்றவில்லை" என்றே அனைவரும் கூறினர். சிவப்பு விளக்கு எரிவதை வைத்து அவர்கள் அவ்வாறு சொன்னார்கள். நான் ஒரு நாள் பின்னிரவில் உடன் சென்று, தரையில் குனிந்து, ஓவனின் அடிப்புறத்திலுள்ள சிறு கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். மின்பொறி தெறித்தது. நீலச் சுடர் வரிசையாகப் பற்றியது. நாலைந்து நொடிகள் அழகாக எரிந்தது. பிறகு யாரோ ஊதி அணைத்தாற்போல் அணைந்து, சிவப்பு விளக்கு வந்தது.

ஆகவே ஓவன் பற்றாமல் இல்லை. பற்றிய பின் அணைந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

எந்த அடுப்பும் எரிய மூன்று துணைகள் வேண்டும்: வாயு, காற்று, பொறி. நம் வேதியியல் ஆய்வகத்தில் நாள்தோறும் கையாளும் பன்சன் அடுப்பே இதற்குச் சான்று. 1855இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக் கழகத்தில் பன்சனும் அவருடைய கருவியாளர் டெசாகாவும் உருவாக்கிய அந்த அடுப்பின் சிறப்பே, எரிவதற்கு முன்னரே வாயுவோடு காற்றைக் கலப்பதுதான். அடியிலுள்ள வளையத்தைத் திருப்பிக் காற்றுத் துளையை மூடினால் சுடர் மஞ்சளாகிப் புகையும், திறந்தால் நீலமாகும். எல்.பி.ஜி. அடுப்பிலும் இதுவே நியதி. புரொப்பேன் ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும்.

எங்கள் ஓவனில் பொறி தெறித்ததைக் கண்ணால் கண்டேன். சுடர் நீலமாக, நுனியில் மஞ்சள் இன்றி இருந்ததால் காற்றில் குறையில்லை. வாயுவில் குறையோ என்று ஐயுற்றோம். சிலிண்டருக்குள் திரவமாயுள்ள எரிபொருள் ஆவியாகும்போது தன் வெப்பத்தையே இழந்து குளிர்கிறது, ஆகையால் வேகமாகச் செலவாகும் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்க்கும், அழுத்தமும் தாழும். ஆனால் புதிதாய் மாற்றிய சிலிண்டரிலும் ஓவன் அதே முரண்டுதான் பிடித்தது. ஆக, மூன்று துணைகளும் சரியாகவே இருந்தன. பின்னர் ஏன் அணைய வேண்டும்?

வெள்ளிக்கிழமை ரகசியம்

இங்குதான் நம் செய்முறைப் பதிவேட்டின் அருமையை உணர்ந்தேன். குழுவின் கணக்குகளை எழுதும் சித்தியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, நாள்தோறும் சிலவற்றைக் குறிக்கச் சொன்னேன். எத்தனையாவது முறையில் எரிந்தது, சிலிண்டர் புதிதா பழையதா, மழை உண்டா இல்லையா, வேறு ஏதேனும் சிறப்பு உண்டா என்பவை அவை. ஞாயிறு நீங்கலாக நான்கு வாரங்கள், மொத்தம் 24 நாட்கள், அவர் ஒரு நாளும் தவறாமல் எழுதினார். நம் வகுப்பிலே பலருடைய பதிவேடு அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

24 நாட்களில் 9 நாட்கள் ஓவன் முதல் முறையிலேயே எரிந்திருந்தது. அவற்றுள் 4 நாட்கள் வெள்ளிக்கிழமை. ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை!

இதைக் கேட்ட பெண்கள் வியக்கவேயில்லை. "எங்களுக்குத்தான் தெரியுமே" என்றனர். வெள்ளிதோறும் கொட்டகையைக் கழுவிவிட்டு, ஓவனுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டிய பிறகே வேலை தொடங்குவர். மேல்மலையனூர் அங்காளம்மன் வெள்ளிக்கிழமையில் கைவிட மாட்டாள் என்பது அவர்கள் நம்பிக்கை.

படித்த பெண் என்ற மிடுக்கில் இதனைச் சிரித்துத் தள்ளியிருந்தால் விடை அன்றே கைநழுவியிருக்கும். அவர்கள் கண்ட நிகழ்ச்சி உண்மை. நோட்டும் அதற்குச் சாட்சி. வெள்ளிக்கிழமையில் ஏதோ ஒன்று இருக்கத்தான் இருந்தது. மற்ற 5 நாட்களில் என்ன இருந்தது என்று பார்த்தேன். 3 நாட்கள் இரவெல்லாம் மழை. தகரக் கூரை ஒழுகித் தரை நனைந்திருந்தது. ஒரு நாள் எண்ணெய் டின் கவிழ்ந்து, சோப்பு போட்டுத் தரையைக் கழுவியிருந்தனர். இன்னொரு நாள் குழாயை மூட மறந்து தண்ணீர் வழிந்திருந்தது. ஒன்பது நாட்களுக்கும் பொதுவானது கற்பூரம் அன்று, ஈரத்தரை!

அடுத்த வெள்ளியன்று தாயாரின் ஒத்துழைப்போடு முறையை மட்டும் மாற்றினோம். முதலில் பூசை, அதன்பின் ஓவன், கடைசியில் கழுவுதல். "கழுவறதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்று தாயார் மற்றவர்களைச் சமாதானப்படுத்தினார். காய்ந்த தரையில் நான்கு முறை முயன்றும் ஓவன் நிற்கவில்லை. தரையைக் கழுவினர். ஐந்தாம் முறை போட்டவுடன் எரிந்து நிலைத்தது. பெண்கள் கண்டது மெய். காரணம் மட்டும் அவர்கள் பார்த்த இடத்திலிருந்து ஒரு முழம் கீழே இருந்தது.

சுடரில் ஓடும் மின்சாரம்

தண்ணீர் நெருப்பை அணைக்கும் என்பதே உலகறிந்த உண்மை. தண்ணீர் நெருப்பை எரிய வைக்குமா? இந்த வினாவோடு நம் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சென்றேன். அவர் நேரே விடை கூறாமல் ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, தங்கத்தகடு மின்காட்டியை எடுத்து மின்னேற்றம் செய்தார். தகடுகள் விரிந்து நின்றன. ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி அதன் அருகில் கொண்டுவந்தார். தகடுகள் பொத்தென்று ஒட்டிக்கொண்டன.

சுடர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதே அதன் பொருள். மின்னேற்றம் பெற்ற பொருளருகே சுடர் வந்தால் அதன் ஈர்ப்பு அழிந்துவிடுவதை 1600ஆம் ஆண்டிலேயே வில்லியம் கில்பர்ட் குறித்திருக்கிறார். சுடரில் நிகழும் வேதிவினைகளால் அயனிகளும் எலெக்ட்ரான்களும் தோன்றுகின்றன. அவையே மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன.

இந்தப் பழைய உண்மைதான் எங்கள் ஓவனுக்குள் காவலாளியாக நிற்கிறது. பர்னரின் மீது விரல் நீளத்தில் ஒரு உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். மின்பலகை அதற்கு மின்னழுத்தம் தருகிறது. சுடர் இருந்தால், கம்பியிலிருந்து சுடர் வழியாகப் பர்னருக்கு ஒரு சிறு மின்னோட்டம் பாயும். அதன் அளவு சில மைக்ரோ ஆம்பியர். அதாவது ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்கு. அது பாய்ந்தால் "சுடர் இருக்கிறது" என்று பலகை அறியும். வாயுவைத் திறந்தே வைக்கும். சில நொடிகளுக்குள் அது வராவிட்டால், "சுடர் இல்லை, வாயு வீணாக வெளியேறுகிறது" என்று முடிவு செய்து வாயுவை மூடிவிடும்.

இந்தக் காவலாளியை ஏமாற்றுவதும் எளிதன்று. கம்பி சிறியது, பர்னர் பெரியது. ஆகவே சுடர் வழியாக ஒரு திசையில் மின்னோட்டம் மிகுதியாகவும் எதிர்த் திசையில் மிகக் குறைவாகவும் செல்லும். மாறுமின்னோட்டம் திருத்தப்பட்டு ஒருதிசை மின்னோட்டத்தின் சாயலைப் பெறுகிறது. நாம் டையோடு பற்றி வகுப்பில் படிப்பது போன்றதே இது. கரியோ ஈரமோ கம்பியைப் பர்னரோடு இணைத்துவிட்டால் இரு திசையிலும் சமமாகப் பாயும். அதனைச் சுடர் என்று பலகை ஏற்காது.

நிற்க. பர்னருக்கு வந்த மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழி வேண்டுமன்றோ? சுற்று முழுமையாகாவிட்டால் மின்னோட்டம் இல்லை என்பது பள்ளியிலே படித்த பாடம். பர்னர் ஓவன் உடலோடு இணைந்தது. ஓவன் உடல் எர்த் கம்பி வழியாக நிலத்தோடு இணைய வேண்டியது. அந்த எர்த் அறுந்திருந்தால்? சுடர் இருந்தும் பலகையின் கண்ணுக்கு அது தெரியாது. தரை ஈரமாக இருந்தால் மட்டும் ஓவனின் இரும்புக் கால்கள் வழியே, நனைந்த சிமெண்டு ஒரு குறுக்கு வழியைத் தரும். அது சில ஆயிரம் ஓம் தடையுள்ள மோசமான வழிதான். ஆயினும் சுடரின் தடையே பல பத்து லட்சம் ஓம். அதனோடு சேரும்போது ஈரத்தரையின் தடை ஒரு பொருட்டே அன்று.

மூன்றாவது துளை

எங்கள் தெருவில் மின்வேலை செய்யும் அண்ணனிடம் இதனைக் கூறினேன். அவர் மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டரையும் மூடச் சொல்லிவிட்டு, தம் மீட்டரை எடுத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். ஓவனின் ஒயரில் பச்சைக் கம்பி சரியாக இருந்தது. சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலும் எர்த் இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு நீட்டிப்புப் பெட்டி. ஓவனைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தபோது யாரோ வாங்கிப் போட்டது. அதில் மூன்று துளைகள் அழகாக இருந்தன. திருகைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வந்த ஒயரில் இரண்டே கம்பிகள்!

"பொம்மைக்கு வெச்ச மூணாவது ஓட்டைம்மா இது" என்றார் அண்ணன்.

அந்தப் பெட்டியை எடுத்தெறிந்து, மூன்று கம்பி ஒயரை நேராகச் சுவர்ப் பிளக்கிற்கே இழுத்தார். காய்ந்த தரை. சுவிட்சைப் போட்டார் என் தாயார். "டிக் டிக்." நீலச் சுடர். ஐந்து நொடி, பத்து நொடி, ஒரு நிமிடம். சிவப்பு விளக்கு வரவேயில்லை. இதனை எழுதும் இன்றுவரை, இரண்டு மாதங்களாக, ஒரு நாள்கூட அது முதல் முறையில் எரியாமல் இருந்ததில்லை.

எல்லோரும் மகிழ்ந்திருந்த வேளையில் மின்வேலை அண்ணன் மட்டும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஓவன் எரியலன்னு கவலைப்பட்டீங்க. உசுரு இருக்கேன்னு சந்தோஷப்படுங்க" என்றார். அவர் சொன்னதன் பொருள் சற்றுப் பொறுத்தே எங்களுக்கு விளங்கியது. ஓவனுக்குள் விளக்கும் மின்பலகையும் 230 வோல்ட்டில் இயங்குகின்றன. எர்த் இல்லாத அத்தனை நாட்களும், உள்ளே ஒரே ஒரு ஒயரின் உறை வெப்பத்தில் உருகி உடலைத் தொட்டிருந்தால் போதும். ஓவன் முழுவதும் மின்னேறியிருக்கும். அதைத் தொடுபவர் வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்கும் என் தாயார். எந்த ஈரம் வெள்ளிதோறும் ஓவனை எரிய வைத்ததோ, அந்த ஈரமே வெள்ளிதோறும் அவரைச் சாவுக்கு மிக அருகில் நிறுத்தி வைத்திருந்தது. இப்போது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றையும் குழுவினர் பொருத்திவிட்டனர். கற்பூரமும் ஓவன் அருகே அன்றி, கொட்டகை வாசலில் காட்டப்படுகிறது.

டைரக்டாகக் கொடுத்திருந்தால்?

அந்த யோசனைப்படி மின்பலகையை நீக்கி வால்வை நேராகத் திறந்து வைத்திருந்தால் ஓவன் என்னவோ எரிந்திருக்கும். எர்த் இல்லாத குறை அப்படியே இருந்திருக்கும். அதைச் சொல்லும் வாய் மட்டும் அடைக்கப்பட்டிருக்கும். அதோடு இன்னொரு கேடும் சேர்ந்திருக்கும். காற்று வீசியோ சிலிண்டர் தீர்ந்து மாற்றும்போதோ சுடர் அணைந்தால், வாயு மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தேங்கும். காற்றில் அது ஏறத்தாழ 2 முதல் 9 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறியே வெடிக்கப் போதும்.

1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக் கட்டடத்தில் இது நடந்தது. அடித்தளத்தில் கசிந்து தேங்கிய இயற்கை வாயுவுக்கு மணம் இல்லை. ஆகவே எவரும் அறியவில்லை. தொழிற்பட்டறையில் ஒரு மின்கருவி இயக்கப்பட்டபோது கட்டடமே வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். அதன் பின்னரே எரிவாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலப்பது சட்டமாயிற்று. இன்று நம் சிலிண்டரில் கசிவு ஏற்பட்டால் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் மெர்காப்டன் எனும் கந்தகச் சேர்மத்தினுடையது. அந்த நாற்றமும் எங்கள் ஓவனின் சிவப்பு விளக்கும் ஒரே இனம். இரண்டும் தொல்லை தருபவை. இரண்டும் உயிர் காப்பவை.

வீட்டு அடுப்புக்குச் சில சொற்கள்

ஓவன் எல்லோர் வீட்டிலும் இல்லை; கேஸ் அடுப்பு உண்டு. அதுவும் சில நாள் பற்ற மறுக்கும். பால் பொங்கி வழிந்து பர்னர் மூடி நனைந்திருக்கலாம். துடைத்துக் காயவைத்தால் போதும். துளைகளில் உப்பும் கரியும் அடைத்திருந்தால், அடுப்பு ஆறிய பின் ஊசியால் நீக்கலாம். மூடி சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும் சுடர் ஒரு பக்கமே பற்றும். சுடர் மஞ்சளாகிப் பாத்திரம் கரி பிடித்தால் காற்று போதவில்லை என்று பொருள்.

கையில் பிடிக்கும் லைட்டரில் பேட்டரி ஏதும் இல்லை. உள்ளே ஒரு சிறு துண்டை ஒரு சுத்தியல் தட்டுகிறது. அழுத்தப்பட்ட அத்துண்டு ஆயிரக்கணக்கான வோல்ட்டை உண்டாக்குகிறது. இந்தப் பண்பை 1880இல் கியூரி சகோதரர்களாகிய ஜாக்கும் பியேரும் கண்டறிந்தனர். அந்த லைட்டரின் முனை ஈரமாயிருந்தால் பொறி வராது, துடைத்துப் பாருங்கள்.

எந்த அடுப்பாயினும் ஒரு விதியை மறவாதீர். இரண்டு மூன்று நொடியில் பற்றாவிட்டால் குமிழை மூடிவிடுங்கள். கதவு சன்னலைத் திறந்து, சில நிமிடம் பொறுத்து மீண்டும் முயலுங்கள். ஓவனாயின் அதன் கதவையும் திறந்து வையுங்கள். வெளியேறிய வாயு கலைய அந்த நேரம் வேண்டும். வாயு நாற்றம் வந்தால் மின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

முடிவுரை

இந்த விடையை நான் ஒருத்தியாகக் கண்டேன் என்று சொல்வதற்கில்லை. "இன்னான்னு கேக்காம" என்று நிறுத்திய தாயாரும், நாள் தவறாது எழுதிய சித்தியும், வெள்ளிக்கிழமையை முதலில் கவனித்த பெண்களும், மெழுகுவர்த்தி ஏற்றிக் காட்டிய பேராசிரியரும், திருகைக் கழற்றிய அண்ணனும் சேர்ந்து கண்டது இது. எனக்குக் கிடைத்த பங்கு, ஏட்டில் இருந்த சுரைக்காயை எந்தக் குழம்பில் போட வேண்டும் என்று தேடியதே. மாதத் தவணையைச் செலுத்திவிட்டு வந்த அன்று பெரியம்மா எனக்கு ஒரு தட்டு நிறையத் தேங்காய் பன் கொடுத்தனுப்பினார். "படிப்பு வாசம் அடிக்குதாடி?" என்று கேட்டார். நம் பல்கலைக் கழகம் அளிக்கும் எந்தப் பட்டத்தையும் நான் அதற்குக் குறைவாகவே மதிப்பேன்.

தோழர்களே, தோழியர்களே! தேர்வு முடிந்து ஊருக்குச் செல்லவிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு மாவரைக்கும் கிரைண்டர் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஈரத்தரையில். அரைப்பவர் யார்? பெரும்பாலும் வெறுங்காலோடு நிற்கும் தாயார். ஆகவே சென்றவுடன் அதன் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். மூன்று கால்கள் இருக்கின்றனவா? இருந்தால், செருகும் இடத்திலுள்ள மூன்றாவது துளைக்குப் பின்னால் உண்மையிலேயே கம்பி இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு சோதியுங்கள். கால் மணி நேர வேலைதான். நம்மைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு அங்கே மாவரைத்துக் கொண்டிருப்பவர்களுக்கு, நாம் படித்த இயற்பியல் செய்யக்கூடிய முதல் மரியாதை அது.